ஓ.டி. திரும்பி வந்த மாதம்

முதலில் நின்றது ஓ.டி., அதாவது ஷிப்ட் முடிந்தும் செய்கிற கூடுதல் நேர வேலை. 2008 அக்டோபர், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிகளுக்கான பிராக்கெட், கிளாம்ப் மாதிரி தகட்டுச் சாமான்களை அடித்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். "இந்த மாசம் ஓ.டி. இல்லப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னபோது, பண்டிகைக்குச் சீக்கிரம் வீடு போகலாம் என்று சந்தோஷப்பட்டோம். நவம்பரில் நைட் ஷிப்ட் நின்றது. அப்புறம் சனிக்கிழமையும் லீவு. அடித்து வைத்த சாமான் டிராலி டிராலியாக வெளியில் நின்று மழையில் துரு ஏறியது. டிசம்பர் இரண்டாவது வாரம் கான்ட்ராக்டர் கேட்டிலேயே நின்று எங்கள் 23 பேரின் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். "ஆர்டர் வந்ததும் கூப்பிடுறேன் தம்பி, போன் நம்பரை மாத்திடாதீங்க" என்றார்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறாள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அது எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று வந்த செய்தியைப் போனில் சேமித்து வைத்திருந்தாள். "மாமா, 5,000 பேர்ல எனக்கு ஒரு இடம் கிடைக்காதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் பேசினேன். அவளிடம் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வாகனத் தொழிலில் வேலை போவதற்கு ஒரு வரிசை உண்டு. திரும்பி வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. போகும்போது முதலில் ஓ.டி., பிறகு நைட் ஷிப்ட், பிறகு கான்ட்ராக்ட் ஆட்கள், கடைசியாக நிரந்தர ஊழியர்களின் வேலை நாட்கள். வரும்போதும் ஓ.டி.தான் முதலில் வரும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலை, பிறகு பழைய கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போன், பிறகு இரண்டாவது ஷிப்ட், பிறகு ட்ரெய்னி பேட்ச். நிரந்தர வேலை கடைசியில்தான் வரும், அதற்குள் இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். பேப்பரில் 'வேலைவாய்ப்பு' என்று வருகிற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை படியும் அடங்கியிருக்கிறது. நாம் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படி எது என்று தெரிந்துகொள்ளாமல் நானும் என் கூட்டாளிகளும் நிறைய இழந்தோம்.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அந்தப் பெயரையே பின்னால்தான் கேள்விப்பட்டேன். எங்கோ ஒரு வங்கி விழுந்ததற்கு எங்கள் பவர் பிரஸ் ஏன் நிற்க வேண்டும் என்று அப்போது புரியவில்லை. லாரி வாங்குகிறவர் கையில் முழுப் பணம் வைத்துக்கொண்டு வாங்குவதில்லை, ஃபைனான்ஸில்தான் எடுப்பார். கடன் கொடுப்பவர்கள் கையை இறுக்கினார்கள். ஏற்ற லோடும் குறைந்தது. இருக்கிற லாரியே சும்மா நிற்கும்போது புது லாரி யார் வாங்குவார்? அதனால் மந்தம் வந்தால் முதல் அடி லாரிக்கு விழும். லாரிக்குச் சாமான் செய்கிற சின்ன ஷாப்புகளுக்கு அதைவிடப் பலமாக விழும், ஏனென்றால் பெரிய கம்பெனி தன் ஸ்டாக்கைத் தீர்க்கும்வரை புது ஆர்டர் தராது. இன்றைக்கு யாராவது என்னிடம் வேலை விஷயமாக யோசனை கேட்டால், நீ செய்கிற சாமான் எந்த வண்டிக்குப் போகிறது, ஒரே கம்பெனிக்குப் போகிறதா நான்கு கம்பெனிக்குப் போகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

எங்கள் ஷாப்பில் நிரந்தரமாக இருந்த பதினைந்து பேருக்கு லே-ஆஃப், அதாவது ஆர்டர் வரும்வரை வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி, ஒரு வருடம் சர்வீஸ் முடித்தவர்களுக்கு லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதி கிடைத்தது. எங்களுக்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. 16 மாதம் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வெளியே வந்தேன். ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்டிபிகேட் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டிருந்தால் கான்ட்ராக்டர் கொடுத்திருப்பார், கெட்ட மனிதர் இல்லை. ஒரு வருடம் கழித்து இன்டர்வியூவில் "பிரஸ் ஷாப் அனுபவம் இருக்கா? லெட்டர் எங்க?" என்று கேட்டபோதுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரிந்தது.

வீடு காஞ்சிபுரம். அப்பா பட்டு நெசவு. குழித்தறியில் கோர்வைச் சேலை (கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் கோர்த்து நெய்வது) நெய்யும்போது கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஐடிஐ போவதற்கு முன் சின்ன வயதில் நான் உட்கார்ந்த இடம் அது. 2009 பொங்கல் முடிந்ததும் மறுபடி அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாதான் அக்கம்பக்கத்தில் "லீவுல வந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு மாதம் தறியில் இருந்தேன். நூலின் இழுவையைப் பார்க்காமலே விரலால் அறிகிற பழக்கம் அந்த ஏழு மாதத்தில் திரும்பி வந்தது. பின்னால் அசெம்பிளி லைனில் நட்டைக் கையால் பூட்டும்போது மரை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எனக்கு உடனே தெரியும். அது தறியில் வந்த விரல் என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு தப்பு செய்தேன். வேலை போய் இரண்டு மாதம் ஆனதும் பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். பென்ஷன் பணத்துக்கான பாரத்தையும் சேர்த்தே நிரப்பிக் கொடுத்தேன். கைக்கு வந்தது சொற்பம், அது ஒரே மாதத்தில் கரைந்தது. ஓய்வூதியத்துக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், அதில் என் 16 மாதம் அன்றைக்கே அழிந்துபோனது. என்னோடு வெளியே வந்த ஒருவர் எடுக்காமல் விட்டார், அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். 2014-இல் யு.ஏ.என். எண் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) வந்த பிறகு இந்த மாற்றம் சுலபமாகிவிட்டது. ஆனாலும் வேலை போனதும் பி.எஃப்.-ஐ உருவுகிற பழக்கம் நம் பசங்களிடம் இன்னும் இருக்கிறது. சோற்றுக்கே வழியில்லை என்றால் எடுங்கள், அதில் தப்பில்லை. போன் மாற்றவும் கடனில் கொஞ்சம் கட்டவும் எடுக்காதீர்கள்.

தெரியாமலே ஒரு நல்லதும் நடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்தில்தான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். வேலை போனதோடு அதுவும் போச்சு என்று நினைத்தேன். மருந்தகத்தில் இருந்த பெண் ஊழியர் என் கார்டைப் பார்த்துவிட்டு, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை உங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள், அதனால் வருகிற ஜனவரியிலிருந்து ஜூன் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். கட்டிய அரையாண்டில் 78 நாளாவது இருக்க வேண்டும், எனக்கு இருந்தது. 2009 ஜூன் வரை அம்மாவுக்கு மாத்திரை கிடைத்தது. வேலை போன நாளில் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உங்களுக்கு இன்னும் சில மாதம் மீதி இருக்கலாம்.

சரி, மீட்சி எப்படி வந்தது என்பதற்கு வருகிறேன். வேலைகள் தானாகத் திரும்பி வரவில்லை. 2008 டிசம்பரில் மத்திய அரசு கலால் வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்தது. 2009 ஜனவரியில், அந்தக் காலாண்டில் வாங்குகிற வணிக வாகனங்களுக்கு 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். லாரி முதலாளிக்கு அது பெரிய வரிச் சலுகை. நகரங்களுக்குப் பஸ் வாங்க ஜவாஹர்லால் நேரு நகரப் புனரமைப்புத் திட்டத்தில் பணம் ஒதுக்கினார்கள். ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை மத்திய அரசு ஊழியர்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதில் எத்தனையோ பேர் முதல் கார் வாங்கினார்கள்.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஜெர்மனி கதை. அங்கே 2009-இல் ஒன்பது வருடத்துக்கு மேற்பட்ட பழைய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கினால் அரசு 2,500 யூரோ கொடுத்தது. ஐரோப்பாவில் வேறு சில நாடுகளும் அதே மாதிரி செய்தன. சின்னக் கார்களுக்குத் தேவை கூடியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த ஐ10, ஐ20 கார்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறின. எங்கேயோ ஒரு ஜெர்மன்காரர் தன் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தார், அதற்காக சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு பையனுக்கு ஓ.டி. கிடைத்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். அந்தப் பையனுக்கும் தெரியாது, அந்த ஜெர்மன்காரருக்கும் தெரியாது.

2008-09 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 15.5 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்றன. 2009-10-இல் அது சுமார் 19.5 லட்சம். அதற்கடுத்த ஆண்டு 25 லட்சத்தைத் தொட்டது. எங்கள் பக்கத்திலேயே 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது, அதே மாதம் மறைமலைநகரில் செய்த ஃபிகோ காரை ஃபோர்டு அறிமுகப்படுத்தியது. இரண்டுமே மந்தத்துக்கு முன் 2008 தொடக்கத்தில் அறிவித்த முதலீடுகள். நடுவில் எல்லாரும் பயந்துகொண்டிருந்தபோதும் கட்டுமானம் நிற்கவில்லை. அந்த மந்தத்திலேயே பின்வாங்கியவர்களும் உண்டு. ஒரகடத்தில் டெய்ம்லரோடு சேர்ந்து லாரி ஆலை வைக்க இருந்த ஹீரோ குழுமம் 2009-இல் விலகிக்கொண்டது. டெய்ம்லர் தனியாகவே கட்டி 2012-இல் திறந்தது. ஒரு ஆலை அறிவிப்புக்கும் முதல் ட்ரெய்னி உள்ளே போவதற்கும் நடுவில் இப்படி எத்தனையோ நடக்கும். செய்தியை நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது 2009 ஆகஸ்டில். சம்பளம் பழையபடியேதான், பிடித்தம் போக 3,800 ரூபாய். செப்டம்பரில் ஓ.டி. வந்தது. அந்த வாரம் எங்கள் ஷாப்பில் இருந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு டீக்கடையில் சிரித்துக்கொண்டு நின்றோம். கேட்டுக்கு எதிரில் கடை வைத்திருந்த அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே கணித்திருந்தார். "பால் ரெண்டு லிட்டர் கூட வாங்க ஆரம்பிச்சிருக்கேன்டா, இனிமே நல்லா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து நானும் இப்படித்தான் பார்க்கிறேன். நைட் ஷிப்ட் கம்பெனி பஸ் எத்தனை ஓடுகிறது, கேன்டீனில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள், காலி டிராலி எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது. பேப்பரில் வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே இதெல்லாம் சொல்லிவிடும்.

பக்கத்து வாகன ஆலை ஒன்றில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கப் போகிறார்கள், ட்ரெய்னி எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கேதான் இன்றுவரை இருக்கிறேன், அதனால் பெயர் வேண்டாம். ட்ரெய்னிக்குக் கொடுத்த உதவித்தொகை, ஓ.டி.யோடு நான் பிரஸ் ஷாப்பில் வாங்கியதைவிட 900 ரூபாய் குறைவு. வீட்டில் பெரிய விவாதம். மாமா ஒருவர், "கையில இருக்கறத விட்டுட்டு போறியே" என்று கோபப்பட்டார். அப்பா மட்டும், "அங்க போனா அடுத்தது என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டுக்கு அடுத்த படி இல்லை. இங்கே ட்ரெய்னிக்கு அடுத்த படி இருந்தது. யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை, ஆனால் படி இருந்தது.

அந்த இரண்டாவது ஷிப்ட் எப்படி வேலைகளைக் கொண்டுவந்தது என்பதை என் சீனியர் ஒருவர் லைன் ஓரத்தில் சாக்பீஸால் எழுதிக் காட்டினார். ஒரு வண்டியை ஒரு லைனில் பூட்டி முடிக்க மொத்தம் 200 நிமிட மனித வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி வெளியே வர வேண்டும் என்றால் 100 பேர் வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் சுமார் 134 பேர். இந்த இரண்டு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்பதைத்தான் டேக்ட் டைம் என்பார்கள். ஷிப்டில் 450 நிமிடம் ஓடினால் முதல் கணக்கில் 225 வண்டி, இரண்டாவதில் 300. விற்பனை கொஞ்சம் கூடினால் ஓ.டி. போட்டுச் சமாளிப்பார்கள், ஒரு ஆளும் கூட எடுக்க மாட்டார்கள். இன்னும் கூடினால் டேக்ட் டைமைக் குறைப்பார்கள், முப்பது பேருக்கு வேலை. அதற்கும் மேலே போனால்தான் இரண்டாவது ஷிப்ட், ஒரே அடியில் இன்னும் நூறு பேருக்கு மேல், அதோடு ரிலீவர், மெயின்டனன்ஸ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ், கேன்டீன், பஸ் டிரைவர் எல்லாம். விற்பனை சீராக ஏறும்போதும் வேலைகள் படிப்படியாகத் தாவித்தான் ஏறும். ஆறு மாதம் ஒருவரையும் எடுக்காமல் இருந்துவிட்டு ஒரே மாதத்தில் நூறு பேரை எடுப்பது அதனால்தான். அந்த ஒரு மாதத்தில் நம் காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எந்த ஷாப்பில் ஆள் எடுப்பார்கள் என்பதும் முக்கியம். பாடி ஷாப்பில் வெல்டிங்கை ரோபோ செய்கிறது. உற்பத்தி இரட்டிப்பானாலும் ஆட்கள் இரட்டிப்பாவதில்லை. பெயிண்ட் ஷாப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். கை தேவைப்படுவது உள் சாமான்களைப் பூட்டுகிற டிரிம் லைனிலும் கடைசியாகப் பூட்டி முடிக்கிற ஃபைனல் லைனிலும். வயரிங் ஹார்னஸ் (வண்டியின் ஒயர்க் கட்டு) துணி மாதிரி வளையும், கதவு ரப்பர் இழுபடும், டேஷ்போர்டு கோணம் பார்த்து உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் முழுக்க இயந்திரத்திடம் விடுவது இன்றைக்கும் கஷ்டம். புதியவர்களுக்கு வாசல் அங்கேதான் அதிகம் திறக்கிறது.

2010 ஜனவரியில் எனக்கு இன்டர்வியூ. எழுத்துத் தேர்வு சுலபம். பிறகு ஒரு வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து ஒரு புஷ்ஷின் விட்டத்தை அளக்கச் சொன்னார்கள். லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு எவ்வளவு என்றார்கள். 0.02 மில்லிமீட்டர் என்றேன். அளந்ததைச் சொன்னதும் இன்னொரு முறை அளக்கச் சொன்னார்கள். முதல் முறை சொன்ன அளவேதான் வந்தது, தலையாட்டினார்கள். அடுத்து நட்டு, போல்ட், வாஷர் குவியலைக் கொடுத்து நேரம் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். மெடிக்கலில் நிறக்குருடு சோதனை, காது சோதனை. என்னோடு வந்த நல்ல வேலைக்காரன் ஒருவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. 23 வயதில் அன்றைக்குத்தான் அவனுக்கே அது தெரிந்தது. பாவம், வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். கண்ணை முன்னாலேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் அவன் வேறு டிரேடு எடுத்திருப்பான்.

எட்டு வாரம் டோஜோவில் பயிற்சி. லைனுக்குப் போவதற்கு முன் அதே வேலையை மேசையில் வைத்துப் பழகுகிற இடம் அது. போல்ட்டை முதலில் கையால் இரண்டு மரை ஏற்ற வேண்டும், அப்புறம்தான் கன்னை (போல்ட் முறுக்குகிற மெஷினை) வைக்க வேண்டும். நேராக கன்னை வைத்தால் மரை மாறி ஏறி நாசமாகும். வீல் நட்டை வரிசையாகப் பூட்டாமல் எதிரெதிராக மாற்றிப் பூட்ட வேண்டும். டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலி கொடுக்கிற ஸ்பேனர்) 'க்ளிக்' என்று சொன்ன பிறகு பெயிண்ட் மார்க் போட வேண்டும். மார்க் இல்லையென்றால் அந்த போல்ட் பூட்டப்படவில்லை என்றே கணக்கு.

லைனில் போட்ட மூன்றாவது வாரம் நான் அந்த மார்க்கை முதலில் போட்டுவிட்டு அப்புறம் டார்க் வைக்க ஆரம்பித்தேன். வேகம் கிடைத்தது. ஒரு வண்டியில் மார்க் போட்டேன், பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள், டார்க் வைக்காமலே வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனுக்குப் போன பிறகு நினைவு வந்தது. வயிற்றைக் கலக்கியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, மார்க்தான் இருக்கிறதே. லைனை நிறுத்தச் சொல்கிற ஆண்டன் கயிறை இழுத்தேன். மியூசிக் அடித்தது, லைன் நின்றது, முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். லைன் லீடர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். போல்ட்டைச் சரிசெய்துவிட்டு, "மார்க்கை எப்பவும் கடைசியிலதான் போடணும் தம்பி. ஆனா இழுத்தியே, அது போதும்" என்றார். வேலை போய்விடும் என்ற பயம் அதிகமாக இருக்கும் ட்ரெய்னிதான் தப்பை மறைப்பான். மந்தத்தில் அடிபட்டு வந்தவன் இன்னும் அதிகம் பயப்படுவான். இப்போது என் லைனுக்கு வருகிற பசங்களிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

நிரந்தரம் 2013-இல் கிடைத்தது. எங்கள் பேட்சில் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. நல்ல சட்டம். ஆனால் அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் இருப்பவருக்கு அந்த நாட்கள் சேராது. கான்ட்ராக்டில் இருப்பவருக்கோ யார் முதலாளி என்பதே வழக்காகிவிடும். ஆகவே சேரும்போதே நியமன ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்ரண்டிஸா, ட்ரெய்னியா, குறித்த கால ஒப்பந்தமா, கான்ட்ராக்டர் பெயரிலா? நான்கும் ஒரே யூனிஃபார்மில், ஒரே லைனில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காகிதத்தில் நான்கும் வேறு. சம்பள ரசீது ஒவ்வொன்றையும் சேர்த்து வையுங்கள். வேலை செய்த நாட்களுக்கு உங்களிடம் இருக்கிற சாட்சி அதுதான்.

அடுத்த அடி 2019-இல் தொடங்கி 2020-இல் முழுதாக விழுந்தது. ஊரடங்கில் 2020 ஏப்ரல் மாதம் உள்நாட்டில் கார் விற்பனை பூஜ்யம். ஆனால் இந்த முறை எனக்குப் பயம் குறைவாக இருந்தது, வரிசை தெரியும் என்பதால். அந்த ஆண்டு இறுதியில் ஓ.டி. திரும்பி வந்ததும் என் லைனில் இருந்து அனுப்பப்பட்ட பசங்களுக்கு நானே போன் செய்து, "ஜனவரிக்குள்ள கூப்பிடுவாங்க, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வை" என்றேன். பதினொரு பேரில் ஏழு பேர் திரும்பினார்கள். இரண்டு பேர் ஊரில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்கள். மற்ற இரண்டு பேரின் நம்பரும் மாறியிருந்தது. அந்த இரண்டு பேரை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022 ஜூலையோடு நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் நடந்த ஆள் எடுப்புகளில் 35, 40 வயதுக்காரர்கள் ஃபைலோடு வந்து நின்றதைப் பார்த்தேன். கையில் பதினைந்து வருட வேலை. அறிவிப்பில் கேட்டிருப்பதோ இருபதுகளில் இருக்கும் ட்ரெய்னியை. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வேலை உருவாகிறது என்று சொல்கிற கூட்டங்களில், உருவாகிற வேலை யாருடைய வயதுக்கு என்று யாராவது கேட்க வேண்டும். தொழிற்சங்கங்களும் அரசும் புது ஆலைகளோடு பேசும்போது, மூடிய ஆலைகளின் ஆட்களுக்கு இத்தனை இடம் என்று கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வயதில் வேலை தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது: ஆபரேட்டர் வரிசையில் போய் நிற்காதீர்கள். மெயின்டனன்ஸ், குவாலிட்டி, டூல் ரூம், சப்ளையர் கம்பெனிகளில் லைன் லீடர், டோஜோ பயிற்சியாளர் என்று அனுபவத்துக்கு விலை இருக்கிற இடமாகப் பாருங்கள். பி.எல்.சி. (இயந்திரத்தை இயக்குகிற கன்ட்ரோலர்), ரோபோ புரோகிராம் கொஞ்சம் தெரிந்தால் வயதை அவ்வளவாகக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படித்தான் ஏறினார்கள்.

அக்கா மகளிடம் பேசி முடித்தபோது அவள் அந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் படித்தாள். 'நேரடியாகவும் மறைமுகமாகவும்' என்ற வார்த்தைகளில் விரலை வைத்து, "மறைமுகம்னா யாரு மாமா?" என்று கேட்டாள். நான் பிரஸ் ஷாப்பில் இருந்த காலத்தைச் சொன்னேன். சீட் செய்கிறவர், ஹார்னஸ் கட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், கேன்டீனில் சமைக்கிறவர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். "அப்ப அதுல சேர்ந்து அனுபவம் எடுத்துட்டு, பெரிய கம்பெனில எடுக்கும்போது போகலாம்ல?" என்றாள். போகலாம் என்றேன், வெளியே வரும்போது லெட்டர் வாங்கிக்கொண்டு.

ஒயர் ஹார்னஸ் கம்பெனி ஒன்றில் அப்ரண்டிஸாக அவள் சேர்ந்து இப்போது ஐந்து மாதம். நேற்று போனில் பேசும்போது, பாதியில் ஒரு தகவல் சொன்னாள்: "மாமா, இந்த ஞாயித்துக்கிழமை வேலை இருக்காம்."